ஜெர்ரி ரைஸ்: செங்கல் பிடித்த கைகள்

கேள்வி: அண்ணா, அமெரிக்கக் கால்பந்தில் ரிசீவருக்கு என்ன வேலை? எல்லோரும் ஏன் ஜெர்ரி ரைஸையே முதலில் சொல்கிறார்கள்?

பதில்: அணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிக்கொண்டே பிடித்து முன்னேறுவதுதான் ரிசீவரின் வேலை. ரைஸ் 1985 முதல் 2004 வரை 20 சீசன் ஆடி, பந்தைப் பிடித்து முன்னேறிய தூரமாக 22,895 யார்டு (கஜம்) சேர்த்தார். அடுத்து நிற்கும் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டிடம் 17,492. இன்னும் ஐந்து சீசன் ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்தாலும் எட்டாது.

கேள்வி: அந்தச் செங்கல் கதை நிஜமா?

பதில்: நிஜம்தான், அவரே சொல்லியிருக்கிறார். அப்பா மிசிசிப்பியில் கொத்தனார். கோடை விடுமுறையில் மகன்களும் வேலைக்குப் போவார்கள். ரைஸ் சாரத்தின் மேல் நிற்க, சகோதரர் கீழிருந்து நாலு கல்லை ஒன்றாக அடுக்கி வீசுவார். அவை காற்றில் பிரிந்து திசைக்கொன்றாகப் போகும்; நாலையும் பிடிக்க வேண்டும். அந்தக் கைகளுக்குத் தோல்பந்து பெரிய விஷயமா?

கேள்வி: வேகம் போதாது என்றார்களாமே, சார்?

பதில்: ஆமாம். படித்ததும் மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி. 1985 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 16-வதாகத்தான் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்பே இரண்டு ரிசீவர்கள் போய்விட்டார்கள். ஆனால் பயிற்சியில்கூட ஒவ்வொரு பந்தையும் பிடித்ததும் கோல் கோடு வரை முழு ஓட்டம் ஓடுவார். சீசன் இல்லாத மாதங்களில், சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு குன்றில் சுமார் 4 கிலோமீட்டர் ஏற்றம். ஆட்டத்தின் கடைசியில் எதிரணித் தடுப்பாளருக்கு மூச்சு வாங்கும்போதும் இவர் கால் தளராது. நான் வியப்பது இதைத்தான்.

கேள்வி: ரான்டி மாஸ் என்ற ரிசீவர் ஒரே சீசனில் 23 டச் டவுன் (கோல் கோட்டைத் தாண்டிப் பெறும் ஸ்கோர்) பிடித்து ரைஸின் 22-ஐ முந்திவிட்டாரே?

பதில்: முந்தினார், 2007-இல், 16 ஆட்டங்களில். ரைஸ் 1987-இல் ஆடியது 12 ஆட்டம்; அந்த ஆண்டு வீரர்கள் வேலைநிறுத்தம். என் ஓட்டு ரைஸுக்குத்தான்.

கேள்வி: முழங்கால் காயம் அவரை முடக்கவில்லையா?

பதில்: 1997-இன் முதல் ஆட்டத்திலேயே தசைநார் கிழிந்தது. டிசம்பரிலேயே திரும்பி வந்து ஒரு டச் டவுன் பிடித்தார். விழுந்ததில் முழங்கால் சில்லு உடைந்தது. அவசரப்பட்டுவிட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அப்புறமும் ஏழு சீசன் ஆடினார். 2003 ஜனவரியில், 40 வயதில், ரெய்டர்ஸ் அணிக்காக இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் டச் டவுன் பிடித்தார். அணி தோற்றது.