பாதியில் மறையும் மழை

கேள்வி: பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் எங்கள் தெருவை உருவாக்கி, 30 மீட்டர் உயரத் தளத்திலிருந்து மழை பெய்யவிட்டேன். துளிகள் தரை தொடாமலே மறைகின்றன. தொடக்கத்தில் மழையே தெரிவதில்லை. ஏன்?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: துளி எவ்வளவு நேரம் இருக்கும் என்பதே 'லைஃப்டைம்'. மாற்றாவிட்டால் அது 50 ஃபிரேம் (அசைவுப்படத்தின் தனிப்படம்)தான். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் சுமார் 2 நொடி. அதற்குள் துளி சுமார் 20 மீட்டர்தான் விழும். 70 ஆக்குங்கள். துளிகள் கிளம்பத் தொடங்கும் ஃபிரேமான 'ஸ்டார்ட்'டை -100 என வைத்தால் முதல் ஃபிரேமிலேயே மழை இருக்கும். துளிகள் கிளம்புவது நிற்கும் 'எண்ட்', காட்சியின் கடைசி ஃபிரேமாக இருக்கட்டும். தளத்துக்குச் செங்குத்தாகத் துளியைத் தள்ளும் 'நார்மல்' வேகத்தை 0 ஆக்குங்கள். இல்லாவிட்டால் துளி முதலில் மேலே எழும்பும்.

கண்ணீர் வடிவில் துளி செய்ய வேண்டாம், தயவுசெய்து! சிறு உருண்டை போதும். வேகமாக நகர்வதை மங்கலாக்கிக் காட்டும் மோஷன் பிளர் அதைக் கோடாக இழுத்துவிடும். தென்மேற்கிலிருந்து காற்று வீசச்செய்யும் 'விண்ட்' ஃபீல்டும் சேருங்கள். மும்பை மழை நேராகவா விழுகிறது?