ஆக்சிஜன் பிளாஸ்மாவுக்குப் பிறகு புல உமிழ்வு குறைந்தால்

பிளாஸ்மா நேரத்தை நிமிடத்திலிருந்து நொடிக்குக் கொண்டு வாருங்கள், முடிந்தால் ஆக்சிஜனை விட்டு ஆர்கானுக்கு மாறுங்கள். கார்பன் நானோகுழாய்ப் படலத்தை 5 நிமிடம் ஆக்சிஜன் பிளாஸ்மாவில் வைத்தபின் புல உமிழ்வு (வலுவான மின்புலம் குழாய் நுனியிலிருந்து எலக்ட்ரான்களை வெளியே இழுப்பது) தொடங்கத் தேவையான மின்புலம் கூடிவிட்டது என்கிறீர்கள். அவ்வளவு நேரம் வைத்தால் மேலிருக்கும் குப்பையோடு குழாய் நுனியும் சேர்ந்து எரியும், மிஞ்சிய நுனியில் ஒட்டும் ஆக்சிஜன் வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல், சாதாரணமாக 5 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருப்பது) மேலே தள்ளும்.

இரண்டில் எது என்று பார்க்க, பிளாஸ்மாவுக்கு முன்னும் பின்னும் எடுத்த மின்னோட்ட-மின்னழுத்த அளவீடுகளை ஃபௌலர்-நார்தைம் வரைபடமாகப் போடுங்கள் (மின்னோட்டத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதன் மடக்கையை மின்னழுத்தத்தின் தலைகீழுக்கு எதிராக வரைவது). சரிவு மட்டும் போதாது, அதில் வெளியேற்று ஆற்றலும் புலப் பெருக்கமும் (கூர்மையான நுனியில் மின்புலம் பல மடங்காவது) கலந்தே இருக்கும். அதனால் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் வேண்டும். குழாய்கள் குட்டையாகியிருந்தால் அந்தப் படலம் வீணானதுதான். உருவம் மாறாமல் சரிவு மட்டும் செங்குத்தாகியிருந்தால், வெற்றிடத்தில் சில நூறு டிகிரிக்குச் சூடேற்றி மறுபடி அளந்து பாருங்கள், ஓரளவு மீளும்.

அப்புறம், முதல் அளவீட்டை நம்பாதீர்கள். நுனியில் ஒட்டிய நீராவியே மின்னோட்டத்தைக் கூட்டிக் காட்டும் (நானும் ஒருமுறை இதில் ஏமாந்தேன்). மின்னழுத்தத்தைச் சில சுற்று ஏற்றி இறக்கி, மின்னோட்ட வளைவு நிலைத்த பிறகு ஒப்பிடுங்கள்.