வேலை, பிள்ளைகள், வீடு இவற்றுக்கிடையே கையால் குவில்ட் போர்வை தைப்பது நடக்கிற காரியமா?

கேள்வி: சிங்கப்பூரில் முழுநேர வேலை பார்க்கிறேன். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். துண்டுத் துணிகளை இணைத்துக் கையாலேயே ஒரு குவில்ட் போர்வை தைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நேரமே இல்லாதவர்களுக்கு இது சாத்தியமா? எப்படித் தொடங்குவது?

பதில்:

சாத்தியம்தான். ஆனால் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் நடக்காது. தேர்வு முடிந்தால் தீபாவளி, தீபாவளி முடிந்தால் விடுமுறைப் பயணம், அதுவும் முடிந்தால் புதிய வகுப்புக்கான புத்தகமும் சீருடையும் என்று இங்கே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நானும் செங்காங்கில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் இருந்துகொண்டு அலுவலகம் சென்று வருபவள்தான். நம்மைப் போன்றவர்களுக்கு நேரம் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அந்தத் துண்டு நேரத்துக்கு ஒத்துவரும் தையல்முறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த வேலையில் தலைக்கு வேலை தரும் பகுதி ஒன்று, கைக்கு வேலை தரும் பகுதி ஒன்று என இரண்டு உண்டு. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை துண்டு, என்ன அளவு என்று தீர்மானித்து வெட்டுவது முதல் வகை. அதை இடையிடையே "அம்மா, கணக்கு வரவில்லை" என்ற அழைப்புக்கு எழுந்துபோய்க்கொண்டு செய்ய முடியாது. வெட்டியதைத் தைப்பது இரண்டாவது வகை. அதை எந்த இடத்தில் நிறுத்தினாலும் மறுநாள் அதே இடத்தில் தொடரலாம். ஆகவே தீர்மானம், வெட்டு இரண்டையும் பள்ளி விடுமுறைக்கு, அதாவது ஜூன் மாதத்து 4 வாரங்களுக்கோ ஆண்டிறுதியின் 6 வாரங்களுக்கோ ஒதுக்கிவிட்டு, பள்ளித் தவணை நாள்களில் வெறும் தையலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்திலிருந்து வந்த இரவில் நிறப் பொருத்தம் பார்க்க உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஆனால் அதே இரவில் பத்து நிமிடம் தைத்தால் மனம் அடங்கும்.

அளவைப் பற்றி முதலிலேயே கறாராக இருங்கள். இருவர் படுக்கும் கட்டிலுக்கான போர்வை முதல் முயற்சிக்கு வேண்டாம். 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் கொண்ட, ஒரு பிள்ளை போர்த்திக்கொள்ளும் அளவு போதும். இதை ஒரு அங்குலப் பக்கமுள்ள ஆறுகோணத் துண்டுகளால் நிரப்ப 660க்கு மேற்பட்ட துண்டுகள் வேண்டும். பக்கத்தை இரண்டு அங்குலமாக்கினால் சுமார் 170 துண்டுகளில் முடிந்துவிடும். தைத்த பின் 4 அங்குலம் நிற்கும் சதுரங்கள் என்றால் 108 போதும். தையலுக்காக நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டு நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். இணையத்தில் காணும் நுணுக்கமான ஆறுகோணப் பூக்கள் கண்ணைக் கவரும், மறுக்கவில்லை. ஆனால் துண்டைச் சற்றுப் பெரிதாக்கினாலே பல மாத வேலை குறையும் என்பதை யாரும் முதலில் சொல்வதில்லை.

துண்டு நேரத்துக்கு என் தேர்வு, காகித அச்சு வைத்துத் தைக்கும் ஆங்கிலேய முறை. தடித்த காகிதத்தில் ஆறுகோணம் வெட்டி, அதன்மேல் துணியை வைத்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்துப் பெரிய நூலோட்டமாகப் பிடித்துவிடுவார்கள். பிறகு இரண்டு துண்டுகளின் நல்ல பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, விளிம்பில் மட்டும் நெருக்கமாகத் தைப்பார்கள். ஊசி துணியின் இரண்டு மூன்று இழைகளை மட்டுமே பிடிக்க வேண்டும்; ஆழமாக இறங்கினால் காகிதம் மெல்ல நொறுங்கும் ஓசை கேட்கும், உடனே ஊசியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். கண்ணைவிடக் காதும் விரலும் அதிகம் வேலை செய்கிற தையல் இது. ஒரு துண்டுக்கு அக்கம்பக்கம் எல்லாத் துண்டுகளும் சேர்ந்த பின்னரே அதன் காகிதத்தை உருவ வேண்டும். இங்கிலாந்தில் பழைய போர்வைகள் சிலவற்றில் காகிதம் உருவப்படாமல் நின்றுவிட்டதால், அந்தக் கடிதத் துண்டுகளையும் செய்தித்தாள் துண்டுகளையும் வைத்து அவற்றின் காலத்தைக் கணிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்துக்கு மகள் எழுதி முடித்த பயிற்சித்தாள்கள் வருகின்றன. பின்பக்கத்தில் பாதி பின்னக் கணக்கும் ஆசிரியையின் சிவப்பு மையும் தெரியும். அச்சிட்ட தாளாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: சூடான இஸ்திரி பட்டால் மை துணியில் ஒட்டும், ஆகவே வெள்ளைத் துணிக்கு எதுவும் அச்சிடாத வெற்றுத்தாளையே பயன்படுத்துங்கள்.

ஒரு சிறிய டப்பாவில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள், ஊசி, நூல், சிறு கத்தரி இவை அடங்கிவிடும். வடகிழக்குப் பாதை ரயிலில் செங்காங்கில் ஏறினால் எனக்குப் பெரும்பாலும் உட்கார இடம் கிடைத்துவிடுவதால் ஹார்பர்ஃபிரண்ட் வரை தைக்க முடிகிறது. நின்றுகொண்டு செல்லும் நாளில் டப்பாவைத் திறப்பதே இல்லை. நெரிசலில் ஊசி எடுப்பது பக்கத்தில் நிற்பவருக்குச் செய்யும் அநியாயம். துணைப்பாட வகுப்பின் வாசல், நீச்சல் பயிற்சியின் ஓரம், பலதுறை மருந்தகத்தின் காத்திருப்பு இருக்கை என்று நம் வாழ்க்கையில் காத்திருப்புக்குப் பஞ்சமில்லை.

வேலையைச் சிறு துண்டாகப் பிரிக்கும் வழிக்கு இந்த ஊரிலேயே பெரிய முன்மாதிரி உண்டு. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும், சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்ட பெண்கள், எத்தல் மல்வேனி என்ற கனடியப் பெண்மணியின் முனைப்பில் போர்வைகள் தைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஆறு அங்குலச் சதுர வெள்ளைத் துணி கொடுக்கப்பட்டது. தன்னைப் பற்றி ஏதேனும் ஒன்றை அதில் பூத்தையலாக இட வேண்டும். அப்படிச் சேர்ந்த 66 சதுரங்கள் ஒரு போர்வையாயின. தனியாக அடைக்கப்பட்டிருந்த கணவன்மாருக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைத் தெரிவிக்கும் வழியாகவும் அவை பயன்பட்டன. அப்போர்வைகளில் இரண்டு இன்று ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. அதே சிறையில் சாரணியர் சிறுமிகள் சுமார் 20 பேர் தங்கள் தலைவி எலிசபெத் எனிஸுக்குப் பிறந்தநாள் பரிசாக, கிடைத்த கந்தல்களையெல்லாம் ஆறுகோணங்களாக்கித் தைத்த போர்வை லண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர்கள் பட்ட துன்பத்தின் பக்கத்தில் நம் அவசரத்தை வைப்பது தகாது. ஆயினும் ஒருவர் கையில் ஒரு சிறு துண்டு என்ற ஏற்பாடு எவ்வளவு இக்கட்டிலும் நடந்தேறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

துணிக்குப் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். சைனாடவுனின் பீப்பிள்ஸ் பார்க் வளாகத்துத் துணிக்கடைகளிலும் அரபு ஸ்திரீட்டிலும் நல்ல பருத்தி கிடைக்கும். அங்கே பாத்திக் துணியின் மிச்சத் துண்டுகளைக் கேட்டுப் பாருங்கள். தேக்கா நிலையத்து மாடியில் ரவிக்கை தைப்பவர்களிடம் முறையாகக் கேட்டால், டூ பை டூ துணியின் வெட்டுத்துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுப்பவர்கள் உண்டு. பழஞ்சேலைதான் என் விருப்பம். சுங்குடியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் பலமுறை துவைத்து மெத்தென்று ஆனவை. போர்த்தினால் உடம்போடு ஒட்டும். ஆனால் எல்லாப் பழந்துணியும் உதவாது. எங்கள் அத்தை சேலையைச் சன்னலுக்கு நேரே விரித்துப் பிடித்து வெளிச்சம் பார்ப்பார். மடிப்பு விழுந்த இடத்தில் இழை விலகியிருந்தால், "இதை விட்டுடும்மா, தைத்தாலும் நிற்காது" என்று கரித்துணிக்கு ஒதுக்கிவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பியது எதுவும் இதுவரை இல்லை. சேலைத் துணி சற்று நெகிழ்வான நெசவு என்பதால், அதற்குக் கால் அங்குலத்துக்குப் பதில் அரை அங்குலம் ஓரம் விடுவது நல்லது. சரிகைக் கரையைச் சேர்க்காதீர்கள். அது உடம்பை அறுப்பதோடு தையல் நூலையும் தேய்த்துவிடும். அடர் சிவப்பையும் நீலத்தையும் வெட்டுவதற்கு முன்பே சாயம் இறங்குவது நிற்கும்வரை தனித்தனியாகத் துவையுங்கள். உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டாம்.

அடுத்து, மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு. கடையில் பேட்டிங் என்று கேட்டால் தருவார்கள். ஆனால் குளிர்நாட்டுக்காரர்களின் கனம் நமக்கு எதற்கு? குளிர்சாதனம் ஓடும் அறையில்கூட மெல்லிய பருத்திப் பஞ்சே அதிகம். பஞ்சே இல்லாமல் நடுவில் ஒரு பழைய வேட்டியை வைத்துத் தைத்துவிடுவது நம் வெக்கைக்கு ஏற்றது. கனம் குறைந்தால் ஊசியும் இலகுவாக இறங்கும், துவைத்தாலும் சீக்கிரம் காயும். வங்காளத்துக் காந்தா போர்வை அப்படித்தான், பழஞ்சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையலால் பிடித்தது. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை இன்னும் எளிது: துண்டுகளைத் தனியே இணைக்காமல், அடித்துணியின் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வைத்து ஓட்டுத் தையலிட்டுக்கொண்டே நடுவை நோக்கி வருகிறார்கள். இணைப்பதும் அடுக்குகளைப் பிடிப்பதும் ஒரே வேலையாக முடிந்துவிடும். ஆனால் அதை ரயிலில் மடியில் வைத்துத் தைக்க முடியாது என்பதால் எனக்கு ஒத்துவரவில்லை. நீங்கள் வீட்டிலிருந்தே தைப்பதானால் தாராளமாக அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

துண்டாக்க முடியாத வேலை ஒன்றே ஒன்று உண்டு. மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து நூலோட்டம் போடுவதுதான் அது. அதற்கு வெறுந்தரை வேண்டும். நம் வீடுகளில் அது கூடத்தில் சோபாவையும் தேநீர் மேசையையும் நகர்த்தினால்தான் கிடைக்கும். ஒரு ஞாயிறு காலையை முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடித்துணியை ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக விட்டு, தரையில் ஒட்டுநாடாவால் இழுத்துப் பிடித்து, நடுவிலிருந்து வெளிநோக்கி நூலோட வேண்டும். குண்டூசியோ ஊக்கோ குத்தி மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டாம். இந்த ஊர் ஈரப்பதத்தில் அவை துருப்பிடித்துத் துணியில் விடும் கறை லேசில் போகாது. சேலை மடித்த பையில் ஊசியைக் குத்திவைப்பதும் அதே கதைதான்.

அடுக்குகளைப் பிடிக்கும் தையலுக்கு நீளமான ஊசி வேண்டாம். பிட்வீன்ஸ் எனப்படும் குட்டை ஊசியில் 8 அல்லது 9 எண்ணில் தொடங்குங்கள். எண் கூடக் கூட ஊசி சிறிதாகும். நூலை 18 அங்குலத்துக்கு மேல் எடுத்தால் சிக்கும். வலது கை நடுவிரலில் விரலுறை. இடது கை துணிக்கு அடியில். ஊசிமுனை கீழ்விரலைத் தொட்டதும் அந்த விரல் அதை மேலே தள்ள, மேலே இருக்கும் விரல் ஊசியைச் சாய்க்க, இரண்டு மூன்று தையல் ஒரே ஊசியில் சேர்ந்த பிறகு இழுப்பது வழக்கம். முடிச்சு வெளியே தெரியக்கூடாது. நூலை நடுத்துணி வழியே உள்ளே செலுத்தி லேசாகச் சுண்டினால், முடிச்சு ஒரு சிறு டப் ஒலியோடு மேல்துணிக்குள் புகுந்து மறைந்துவிடும். என் மகனுக்கு அந்த ஒலி பிடிக்கும்; "நான் சுண்டுறேன்" என்று ஓடி வருவான். ஒரு அங்குலத்துக்கு ஐந்து ஆறு தையல் விழுந்தால் தொடக்கத்துக்குப் போதும். எண்ணிக்கையைவிட அவை ஒரே அளவில் இருப்பதுதான் கண்ணுக்கு அழகு.

வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது ஊசிக் கட்டுப்பாடு தேவை. எடுக்கும்போதும் வைக்கும்போதும் எண்ணுங்கள். ஒரு நல்ல காந்தம் கையருகே இருக்கட்டும். இன்னொன்று, போர்வை யாருக்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் மகளுக்கு என்று அறிவித்ததால், நிறம் தேர்வதில் அவளும் உட்கார்ந்தாள். நான் தைத்துக்கொண்டிருக்கும்போது தொந்தரவு செய்யக்கூடாது என்று தம்பியை அவளே அதட்டினாள்.

முழுவதும் கையால்தான் என்ற பிடிவாதம் தேவையில்லை. போர்வையின் ஓரத்தைச் சுற்றி மூடும் விளிம்புப் பட்டையின் முதல் தையலை யாரிடமாவது இயந்திரம் இருந்தால் அதில் ஓட்டிவிட்டு, பின்பக்கத்தை மட்டும் கையால் மடித்துத் தைக்கலாம். 36க்கு 48 அங்குலப் போர்வையின் சுற்றளவு 168 அங்குலம்; மூலை மடிப்புக்கும் இணைப்புக்குமாகச் சேர்த்து 180 அங்குல நீளத்துக்கு, இரண்டரை அங்குல அகலப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் துண்டு நேரத்தில் முடிக்க ஒரு பள்ளியாண்டு பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மனம் பதறாது. முதல் சலவை குளிர்ந்த நீரில், தனியாக இருக்கட்டும். நனைந்த போர்வை கனக்கும் என்பதால் ஒரே மூங்கில் கழியில் தொங்கவிடாமல் இரண்டு கழிகளுக்குக் குறுக்கே பரத்துங்கள். டிசம்பர், ஜனவரி மழைக் காலமாக இருந்தால் மின்விசிறிக்குக் கீழே முழுதும் காயவைத்த பிறகே மடித்து வையுங்கள். அரைகுறை ஈரத்தோடு அலமாரிக்குள் போனால் பூஞ்சணம் பிடித்துவிடும்.