மேப்பிள் சிரப் ஏன் கலங்குகிறது? வடிகட்டல் பற்றி மட்டும் கேள்வி பதில்

மார்ச் மாதம் வந்தால் போதும், ஒன்டாரியோவில் பின்வளவில் இரண்டு மேப்பிள் மரம் நிற்கும் நம் ஆட்கள் எல்லாரும் சாறு இறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மரத்தில் துளை போடுவது, வாளி மாட்டுவது பற்றி இன்று வேண்டாம். காய்ச்சி முடித்த சிரப்பைத் தெளிய வைப்பது பற்றி மட்டும் கேளுங்கள்.

மார்க்கம் நகரிலிருந்து: அடுப்பில் இருந்தபோது சிரப் நன்றாகத்தான் இருந்தது. போத்தலில் ஆறியதும் அடியில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி படிந்துவிட்டது. பழுதாகிவிட்டதா?

பழுதாகவில்லை. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது, நாக்கில் நறநறக்கும், அவ்வளவுதான். இங்கே காய்ச்சுபவர்கள் இதைச் சீனி மணல் என்பார்கள். மேப்பிள் சாற்றில் சீனியோடு கால்சியம், மாலிக் அமிலம் எல்லாம் கரைந்து கிடக்கின்றன. சாற்றில் சீனி 2 சதவீதம் என்றால் ஏறக்குறைய 43 லிட்டரைக் காய்ச்சி ஒரு லிட்டர் சிரப் எடுக்கிறீர்கள். தண்ணீர் ஆவியாகிப் போகும், இந்த உப்புகள் எங்கே போகும்? பாத்திரத்திலேயேதான் நிற்கும். குறைந்த தண்ணீரில் கரைந்திருக்க முடியாமல் கால்சியம் மாலேட்டாகப் பிரிந்து பொடியாக விழும். திரும்பச் சூடாக்கினாலும் கரையாது. ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும், ஒரே மரத்தில் இந்தக் கிழமைக்கும் அடுத்த கிழமைக்கும் இதன் அளவு மாறும். அதனால் "போன வருடம் இப்படி வரவில்லையே" என்று யாரும் எழுத வேண்டாம்.

இதில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. சிரப் பதத்துக்கு வரும்வரை இந்தப் பொடி விழுந்துகொண்டே இருக்கும். பதம் என்றால் 66 சதவீதம் சீனி. அன்றைக்கு உங்கள் வீட்டில் தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறதோ அதைவிட 4 டிகிரி செல்சியஸ் கூட. அதற்கு முன்னால் வடித்துவிட்டு மீண்டும் காய்ச்சினால், வடித்த பிறகும் புதிதாக விழும். ஆகவே முதலில் பதம், உடனே வடி, வடித்ததும் போத்தல். இடையில் தேநீர் குடிக்கப் போகக் கூடாது.

அஜாக்ஸ்: கோப்பி வடிக்கும் காகிதம் போதுமா?

போதாது. நாலு கரண்டி இறங்கும், அப்புறம் அடைத்துக்கொள்ளும். அடைத்து நிற்கும்போது சிரப் ஆறும், ஆற ஆற இன்னும் தடிக்கும்.

ஸ்காபரோ: வீட்டில் பழைய வேட்டித் துணி இருக்கிறது. நாலாக மடித்து வடிக்கலாமா?

காய்ச்சுவதற்கு முன் சாற்றில் மிதக்கும் மரப்பட்டை, பூச்சி எடுக்க நல்ல துணி. சீனி மணலுக்கு அதன் கண் பெரிது.

கிச்சனர்: அப்படியானால் எதைத்தான் வாங்குவது அண்ணை?

வீட்டளவுக்கு, இழைகளை அழுத்திச் செய்த ஃபெல்ட் என்ற தடித்த துணியில் தைத்த கூம்பு. முன்பு கம்பளியில் வந்தது, இப்போது பெரும்பாலும் செயற்கை இழை. அதோடு காகிதம் போல மெல்லிய உள்வடியும் விற்பார்கள், அதைக் கட்டாயம் வாங்குங்கள். மூன்று நாலு உள்வடியை ஒன்றுக்குள் ஒன்றாகக் கூம்புக்குள் வைத்துவிட்டால், மேலே உள்ளது அடைத்ததும் அதை மட்டும் மெதுவாகத் தூக்கி எடுக்கலாம், அதில் நிற்கும் சிரப் அடுத்ததுக்குள் இறங்கிவிடும், வேலை நிற்காது.

வடிப்பதற்கு முன் கூம்பைச் சுடுநீரில் நனைத்து, சொட்டச் சொட்டத் தொங்கவிட்டு, அந்த ஈரத்தோடேயே சிரப்பை ஊற்றுங்கள். உலர்ந்த ஃபெல்ட் சிரப்பை உறிஞ்சிப் பாதியை விழுங்கிவிடும். உயரமான பாத்திரத்துக்குள் கூம்பைத் தொங்கவிட்டு மூடி போட்டால் சூடு நிற்கும். சிரப் 82 டிகிரிக்குக் கீழே போனால் சரியாக இறங்காது. அப்புறம் முக்கியமானது: கூம்பைப் பிழியாதீர்கள். மெதுவாகத்தான் இறங்குகிறது என்று கையால் அழுத்தினால், இவ்வளவு நேரம் துணி பிடித்து வைத்த மணல் முழுவதும் ஒரே அமுக்கில் கீழே வந்துவிடும்.

பிராம்ப்டன்: இவ்வளவு செலவு எதற்கு? சீனிப் பாகு காய்ச்சும்போது ஒரு கரண்டி பால் விட்டால் அழுக்கெல்லாம் நுரையாக மேலே வருமே. அதையே செய்தால் என்ன?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். பாகில் பால் விடுவது சரியான முறைதான். பால் திரளும்போது மிதக்கும் தூசியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வரும், நாம் அள்ளி எறிகிறோம். இங்கேயும் அந்தக் காலத்தில் மேப்பிளுக்குப் பாலும் முட்டை வெள்ளையும் விட்டிருக்கிறார்கள். ஆனால் கடைச் சீனியில் இருப்பது கொஞ்சம் தூசி. இங்கே இருப்பது கடைசி நிமிடம்வரை பிரிந்து விழும் உப்பு. பால் கொஞ்சத்தைப் பிடிக்கும், மிச்சம் கீழேதான் போகும். பாலிலும் கால்சியம் இருக்கிறது. கால்சியத்தால் கலங்குவதற்குள் கால்சியத்தையே ஏன் ஊற்ற வேண்டும்?

பிராம்ப்டன், மீண்டும்: என் அம்மா ஐம்பது வருடமாக அப்படித்தான் குலாப் ஜாமூனுக்குப் பாகு எடுக்கிறார். கண்ணாடி மாதிரி இருக்கும்.

அம்மாவின் பாகில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது வெள்ளைச் சீனி.

ஓஷவா: நுரை பொங்கினால் ஒரு பொட்டு வெண்ணெய் போடு என்று எல்லாரும் சொல்கிறார்களே. அதுவும் பால்தானே? பிராம்ப்டன்காரர் கேட்டதில் என்ன தப்பு?

நியாயமான கேள்வி. நுரையை அடக்கக் கொழுப்பு வேண்டும், அதற்கு வெண்ணெய் வழக்கம். பால் ஒவ்வாதவர்கள் குடிப்பார்கள் என்றால் சமையல் எண்ணெய் ஒரு துளி போதும், அதே வேலையைச் செய்யும். இரண்டில் எது கூடினாலும் ஃபெல்ட்டின் கண் கொழுப்பால் அடைபடும். பால் விட்டால் அடைப்பது திரிந்த பாலின் துணுக்குகள். என் எதிர்ப்பு முதலில் அதற்குத்தான். இன்னொன்று, அயலவருக்குப் போத்தல் கொடுப்பவர்கள் உள்ளே பால் இருக்கிறது என்று சொல்லாமல் கொடுப்பது ஆபத்து.

பிராம்ப்டன்: நான் செய்து காட்டுகிறேன்.

செய்யுங்கள். ஒரு போத்தல் பால் விட்டு, ஒரு போத்தல் விடாமல், ஒரே நாள் சிரப்பில். ஒரு கிழமை கழித்து இரண்டின் அடியையும் பாருங்கள்.

விண்ட்சர்: பதநீருக்குச் சுண்ணாம்பு தடவுவோமே, சாறு வாளியில் கொஞ்சம் தடவினால் தெளியுமா?

பனையில் சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்க. அங்கே வெயில், கலயத்தில் விழுந்த சாறு சீக்கிரம் கள்ளாகிவிடும். மேப்பிள் சாறு இறங்குவதே இரவு உறைந்து பகலில் உருகும் காலத்தில். குளிரில் வைத்து ஓரிரு நாளில் காய்ச்சினால் போதும். சுண்ணாம்பும் கால்சியம்தான், மேலே சொன்னதைப் படியுங்கள். சிரப் கறுத்து, ருசியும் கெடும்.

மிசிசாகா: கோப்பி வடிக்கும் காகிதத்தை இரண்டாகப் போட்டால்?

ஒன்றே அடைக்கிறது.

லண்டன், ஒன்டாரியோ: வடித்த பிறகும் என் சிரப் கறுப்பாகவே இருக்கிறது. எத்தனை தடவை வடிக்க வேண்டும்?

நிறம் வேறு, தெளிவு வேறு. கறுப்புத் தேநீரும் தெளிவாக இருக்கலாம். கனடாவில் ஏ தரத்துக்குள்ளேயே கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நாலு நிறம் உண்டு, நாலும் கலங்கல் இல்லாமல் இருக்க வேண்டும். பருவம் முடிய முடியச் சாறு கறுப்பாகத்தான் காயும். எத்தனை தடவை வடித்தாலும் வெளுக்காது.

பீட்டர்பரோ: அடியில் பொடி இல்லை, கற்கண்டு மாதிரிக் கட்டி.

அது சீனிதான். பதம் தாண்டிவிட்டது. சிரப்பின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று வாங்குங்கள். கட்டியைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.

ஹாமில்டன்: நீரிழிவுக்காரருக்கு மேப்பிள் நல்லதா?

66 சதவீதம் சீனி. மிச்சத்தை வைத்தியரிடம் கேளுங்கள்.

பாரி: நீச்சல் குளத்துத் தண்ணீரை வடிக்கப் போடும் டயாட்டம் மண் என்ற வெள்ளைப் பொடி மலிவாகக் கிடைக்கிறது. பெரிய அளவில் காய்ச்சுபவர்கள் அதைப் போட்டுத்தானே அழுத்தி வடிக்கிறார்கள்?

அவர்கள் போடுவது உணவுக்கென்று விற்கும் டயாட்டம் மண். குளத்துக்கானது உயர் வெப்பத்தில் சுட்டது, நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா அதில் உண்டு. தொடாதீர்கள். பத்து மரத்துக்கு அழுத்த வடியும் தேவையில்லை.

ஆட்டவா: பழைய சாமான் சந்தையில் தகர வாளியும் ஒட்டு வைத்த பெரிய தட்டும் எடுத்தேன். பழையதில் காய்ச்சினால் ருசி கூடுமாமே?

ருசியை விடுங்கள். பழைய வாளியின் பூச்சிலும் தட்டின் ஒட்டிலும் ஈயம் இருக்கலாம், சிரப்பில் ஈயம் கலந்தால் அதில் நிறைய சீனி மணலோடு போய்ச் சேரும். வடித்தால் குறையும் என்பது உண்மை, ஆனால் வடிகட்டலை நம்பி அதில் காய்ச்சாதீர்கள். வாளியில் பூ வையுங்கள். காய்ச்ச ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

வாட்டர்லூ: கூம்பைத் துவைக்கும் மெஷினில் போடலாமா?

கூடாது. சவர்க்காரம், துணி மென்மையாக்கும் திரவம் எதுவும் கூடாது, அந்த மணம் அடுத்த வருடச் சிரப்பில் வரும். உள்ளை வெளியே திருப்பிச் சுடுநீரால் அலசி, நன்றாக உலர்த்தி வையுங்கள், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். முறுக்கிப் பிழியாதீர்கள், இழை விலகி மணல் போக வழி விடும்.

கிங்ஸ்டன்: மெதுவாக இறங்குகிறது, லேசாகப் பிழிந்தால்...

வேண்டாம்!

சட்பரி: இந்த வருடம் வடி வாங்கக் காசில்லை. நாலு லிட்டர்தான் இருக்கிறது. என்ன செய்வது?

உயரமான கண்ணாடிப் போத்தலில் சூடாக ஊற்றி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் அசைக்காமல் சில நாள் வையுங்கள். மணல் கீழே உட்காரும். தெளிவை மெதுவாகச் சாய்த்து எடுத்து 85 டிகிரிவரை சூடாக்கிப் போத்தலில் அடையுங்கள்; 90 வேண்டாம், புதிதாக மணல் விழத் தொடங்கும். அடியில் மிஞ்சும் கலங்கலைக் கொட்டாமல் அடுத்த காய்ச்சலில் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், பாத்திரத்தின் அடியில் பிடித்துக் கருகும். ரொட்டி மாவில் போட்டுப் பிசையுங்கள்.