கேரேஜ் கதவு இறங்கத் தொடங்கிப் பாதியில் திரும்பி மேலே போய்விடுகிறது, முழுதாக மூடுவதில்லை. எங்கிருந்து பார்ப்பது?

கதவு எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை முதலில் பாருங்கள். இறங்கத் தொடங்கிய உடனேயா, நடுவழியில் எப்போதும் ஒரே இடத்திலா, தரையைத் தொட்ட பிறகா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. இது தெரியாமல் மோட்டார் பெட்டியைத் திறப்பதும் திருகுகளைத் திருப்புவதும் வீண் வேலை. பெரும்பாலும் மோட்டார் மேல் தப்பே இருக்காது.

உடனே திரும்பினால், அதோடு மோட்டாரின் விளக்கும் சிமிட்டினால், சென்சாரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் எதிரெதிரே இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிரை அனுப்பும், மற்றது வாங்கும். கதிர் அறுபட்டால் குறுக்கே ஆளோ பொருளோ இருப்பதாக எடுத்துக்கொண்டு மோட்டார் கதவை மேலே ஏற்றிவிடும். சோதிக்க எளிய வழி: சுவரில் உள்ள பட்டனை அழுத்தி, கதவு தரையைத் தொடும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருங்கள். பெரும்பாலான மோட்டார்கள் அப்போது சென்சாரைக் கணக்கில் எடுப்பதில்லை. பிடித்திருந்தால் மூடுகிறது, தட்டிவிட்டால் மூடவில்லை என்றால் கோளாறு சென்சாரிலோ அதன் வயரிலோதான். இப்படிச் செய்யும்போது கதவின் கீழே யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் சென்சாரின் காவல் இல்லை.

இனி சென்சாரின் விளக்குகள். அனுப்பும் பெட்டியின் விளக்கு மின்சாரம் வந்தாலே எரியும். வாங்கும் பெட்டியின் விளக்கு கதிர் சரியாக வந்து விழுந்தால்தான் நிலையாக எரியும். அது மினுக்கினாலோ அணைந்திருந்தாலோ, இரண்டு கண்ணாடிகளையும் மெல்லிய துணியால் துடையுங்கள். சிலந்தி வலை ஒன்று போதும் கதவை நிறுத்த. பிறகு வாங்கும் பெட்டியின் இறக்கைத் திருகைத் தளர்த்தி, விளக்கு நிலைக்கும்வரை மெதுவாகத் திருப்பி, அந்த இடத்திலேயே இறுக்குங்கள். கதவு ஓடும்போது அதிர்வில் மீண்டும் மினுக்கினால் பெட்டியைத் தாங்கும் தகடு தளர்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது.

காலையில் மட்டும் அல்லது மாலையில் மட்டும் மூட மறுக்கிறதா? அப்படியானால் வெயில் நேராக வாங்கும் கண்ணில் விழுகிறது. இரண்டு பெட்டிகளையும் பக்கம் மாற்றிப் பொருத்தி, வாங்குவது நிழலில் இருக்கும்படி செய்தால் தீர்ந்தது. இரண்டு விளக்குமே எரியவில்லை என்றால் வயர். சுவரில் அடித்த ஆணிக்கொக்கி வயரின் தோலைக் கிழித்திருக்கும், அல்லது எலி கடித்திருக்கும். சென்சார்களைக் கழற்றி, மோட்டாருக்குப் பக்கத்திலேயே குட்டை வயரில் இணைத்துப் பாருங்கள். அங்கே எரிந்தால் புது வயர் இழுத்தால் போதும், சென்சார் வாங்கத் தேவையில்லை.

சுவர் பட்டனுக்கு மூடி, ரிமோட்டுக்கு மட்டும் அசையவில்லை என்றால் அது வேறு கதை: ரிமோட் பேட்டரி, அல்லது சுவர் பட்டனில் உள்ள பூட்டு வசதி தெரியாமல் அழுந்தியிருப்பது.

நடுவழியில் திரும்பினால் மோட்டாரைக் கதவிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் கதவை முழுதாக இறக்கிவிட்டு, அதன் பிறகே மோட்டாரைப் பிரித்துவிடும் சிவப்புக் கயிற்றை இழுங்கள். மேலே திறந்திருக்கும்போது இழுத்து, ஸ்பிரிங்கும் உடைந்திருந்தால், கதவு அப்படியே தலையில் விழும். பிரித்தபின் கையால் தூக்குங்கள். நல்ல கதவு ஒரு கையில் எழும்பும், இடுப்பு உயரத்தில் விட்டால் ஏறக்குறைய அங்கேயே நிற்கும். ஓரிடத்தில் உரசிச் சிக்கினால் அங்கே ரோலர் தேய்ந்திருக்கும் அல்லது அது ஓடும் தடமான ரயில் நசுங்கியிருக்கும். சின்ன நசுங்கலை ரப்பர் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். ரயிலைச் சுவரில் பிடிக்கும் போல்ட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். கீல்களுக்கும் ரோலர் பேரிங்குகளுக்கும் சிலிக்கான் ஸ்பிரே அல்லது வெள்ளை லித்தியம் கிரீஸ் போடலாம். ரயிலின் உட்புறத்தில் கிரீஸ் பூசாதீர்கள். அங்கே தூசி சேர்ந்து பசையாகி ரோலரை இன்னும் இறுக்கும். ரயிலைத் துடைத்து வைத்தாலே போதும்.

விட்டதும் தொப்பென்று இறங்கினாலோ, தூக்கவே முடியாத கனமாக இருந்தாலோ, ஸ்பிரிங் பலமிழந்துவிட்டது அல்லது உடைந்துவிட்டது. கதவுக்கு மேலே உள்ள சுருளில் சில சென்டிமீட்டர் இடைவெளி தெரிந்தால் உடைந்ததேதான். சாதாரண ஸ்பிரிங்குகள் சுமார் 10,000 முறை திறந்து மூடும் கணக்கில் செய்யப்படுகின்றன, அதனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே உங்கள் வேலை முடிந்தது. அந்தச் சுருளின் திருகுகளையும், கதவின் அடி மூலையில் கேபிள் மாட்டியுள்ள தாங்கியையும் தொடாதீர்கள். கதவின் முழு எடையையும் தாங்கும் முறுக்கு அவற்றில் இருக்கிறது. கையை உடைக்கும், உயிரையும் எடுக்கும். கதவு ஒருபக்கம் சாய்ந்து, கேபிள் உருளையிலிருந்து கழன்று தொங்கினாலும் இதேதான்: மோட்டாரை இயக்காமல் தொழிலாளியைக் கூப்பிடுங்கள்.

தரையைத் தொட்டபின் திரும்பினால் காரணம் எல்லை அமைப்பு, அதாவது கதவு எங்கே நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லும் அமைப்பு. கதவு இன்னும் கீழே போக வேண்டும் என்று மோட்டார் தள்ளும், தரை தடுக்கும், தடங்கல் என்று நினைத்து ஏற்றிவிடும். பழைய மோட்டார்களில் பக்கவாட்டில் எல்லைத் திருகு இருக்கும்; கீழ் எல்லையைக் கால் சுற்று குறைத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்த கால் சுற்று. புதியவற்றில் அம்புக்குறிப் பட்டன்களால் மறுபடி கற்பிக்க வேண்டும், அந்த வரிசை மாடலுக்கு மாடல் வேறுபடும். தரையைத் தொடாமலே நின்றுவிட்டால் கீழ் எல்லையைக் கூட்ட வேண்டும். ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் தெரிந்து, கேபிள்கள் இரண்டும் சம இறுக்கத்தில் இருந்தால், தரை மேடுபள்ளமாக இருக்கலாம், அல்லது அடி ரப்பர் கெட்டிப்பட்டிருக்கலாம். தடித்த ரப்பர் மாற்றினால் போதும்.

எல்லைத் திருகுக்குப் பக்கத்திலேயே, மோட்டார் கதவைத் தள்ளும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் விசைத் திருகும் இருக்கும். கதவு திரும்பாமல் இருக்க அதைக் கூட்டிவிடுவது பலர் செய்யும் காரியம். கதவு மூடத்தான் செய்யும், ஆனால் கீழே குழந்தை இருந்தாலும் மூடும். எதைத் திருப்பினாலும் கடைசியில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள பலகையைக் கதவின் நடுவே தரையில் படுக்க வைத்து மூடிப் பாருங்கள். பலகையில் பட்டதும் கதவு மேலே ஏற வேண்டும். ஏறாமல் அதன்மேல் அழுத்தி நின்றால், சரியாகும்வரை மோட்டாரைப் பயன்படுத்தாதீர்கள்.