தட்டைத் திருப்பிப் போடும் நேரம்: பாப், ராக் கேள்வி பதில்

மேற்கத்திய பாப், ராக் ஆல்பங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கொளத்தூரிலிருந்து ஒருவர்: சார், பழைய பாப் பாட்டெல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது?

எல்லாம் அந்தக் காலத்து இசைத்தட்டு வைத்த அளவு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் பிடிக்கும். நம் வித்வான்களும் கீர்த்தனையைச் சுருக்கித்தான் அதில் பாடினார்கள். 1949-இல் 45 சுற்றுத் தட்டு வந்த பிறகும் ரேடியோவுக்கு அந்த நீளமே பழகிப்போனது. 1965-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் ஆறு நிமிடப் பாட்டை சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வெளியிட்டதும், 1968-இல் இங்கிலாந்து பேண்டான பீட்டில்ஸின் 'ஹே ஜூட்' ஏழு நிமிடத்தைத் தாண்டியதும் அதனால்தான் பெரிய விஷயங்கள்.

மயிலாப்பூர், கல்லூரி மாணவி: அண்ணா, நான் எல்லாப் பாட்டையும் ஷஃபிளில் போட்டுத்தான் கேட்கிறேன். ஆல்பத்தை வரிசையாகக் கேட்காவிட்டால் என்ன குறைந்துவிடும்?

சில ஆல்பங்களில் ஒன்றும் குறையாது. சிலவற்றில் பாதி போய்விடும்மா.

1948-இல் வந்த எல்பி எனும் நீள் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் கிடைத்தது. ஆக, ஓர் ஆல்பத்துக்கு இரண்டு தொடக்கம், இரண்டு முடிவு. நல்ல கலைஞர்கள் தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியையும் இசையமைப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

எண்பதுகளில் புரசைவாக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வெற்று கேசட் வாங்கிக் கொடுத்தால் கேட்ட ஆல்பத்தைப் பதிந்து தருவார்கள். பீட்டில்ஸின் 'அபே ரோடு' (1969) பதிந்து வாங்கினேன். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'ஐ வாண்ட் யூ'. ஏழே முக்கால் நிமிடம். கிடார் திரும்பத் திரும்பச் சுழன்று, இரைச்சல் ஏறிக்கொண்டே போய், பட்டென்று அறுந்து நின்றது. கேசட்டில் இன்னும் ஐந்து நிமிட டேப் மிச்சம். பாட்டைப் பாதியில் வெட்டிவிட்டார் என்று நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. எல்பியை எடுத்து ஊசியை வைத்தார். அதிலும் அதே இடத்தில் அறுந்தது. "இப்போ திருப்பிப் போடறேன், கேளுங்க தம்பி" என்றார். தட்டைத் துடைத்து, திருப்பி வைத்து, ஊசியை இறக்கும்வரை கடையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் 'ஹியர் கம்ஸ் தி சன்' கிடார், விடியற்காலை வெளிச்சம் மாதிரி வந்தது.

பீட்டில்ஸின் ஜான் லெனான் சொல்லித்தான் டேப்பை அங்கே வெட்டினார்கள் என்று பிறகு படித்தேன். போனில் கேட்கும்போது இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் மூச்சுவிடக்கூட நேரம் இல்லை. ஷஃபிளில் போட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை.

திருவான்மியூர், பேண்ட் வைத்திருக்கும் தம்பி: தமிழில் ராக் எழுதுகிறோம். மெட்டு முதலில் வரவேண்டுமா, வரிகளா?

இரண்டு வழியும் சரி. பெர்னி டாபின் எழுதிக் கொடுத்த வரிகளுக்குத்தான் பாடகர் எல்டன் ஜான் மெட்டுப் போட்டார். 'யெஸ்டர்டே' பாட்டின் மெட்டு பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னிக்குக் கனவில் வந்தது. வரி கிடைக்கும்வரை முட்டைப் பொரியலைப் பற்றி ஏதோ சொற்களைப் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். கோடம்பாக்கத்தில் தன்னானே போட்டு மெட்டை நிரப்பும் தத்தகாரம் செய்யும் வேலை அதுவேதான்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. ஆங்கிலத்தில் ஓர் உயிரொலியை எவ்வளவு இழுத்தாலும் பெரும்பாலும் சொல் மாறாது. தமிழில் 'மலை'யை இழுத்தால் 'மாலை', 'படம்' இழுத்தால் 'பாடம்'. பல தமிழ் ராக் பாட்டுகள் மொழிபெயர்ப்பு போலக் கேட்பதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். ஆங்கிலப் பாட்டின் தாளத்தில் மெட்டமைத்துவிட்டு, நீள ஸ்வரத்தில் குறிலை உட்கார வைக்கிறீர்கள். முதலில் தன்னானே போட்டுப் பாடுங்கள். 'னா' விழும் இடத்தில் நெடில் வரட்டும். வரியைச் சும்மா பேசிப் பாருங்கள், பேச்சிலேயே பாதி மெட்டு இருக்கும்.

வியாசர்பாடி: கிடார் பழகும்போது விரல் ரொம்ப வலிக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பிளாக் சபாத் பேண்டின் கிடார் கலைஞர் டோனி அயோமி தொழிற்சாலை விபத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக் உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய கம்பிகள் போட்டு வாசித்தார். கனடாவின் பாடகி ஜோனி மிட்சலுக்கு இளம்பிள்ளைவாதத்தால் இடக்கை பலவீனம். அதற்காகவே கம்பிகளின் சுருதியை மாற்றிக் கட்டினார், அந்த ஒலி வேறு யாரிடமும் இல்லை. நீங்களும் மெல்லிய கம்பி மாட்டிப் பாருங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

மாம்பலம், கர்நாடக வயலின் ஆசிரியை: எனக்கு ராக் என்றாலே இரைச்சல். எங்கே ஆரம்பிக்கலாம்?

1966-இல் வந்த பீட்டில்ஸின் 'ரிவால்வர்' ஆல்பத்தில் ஆரம்பியுங்கள் அம்மா. 'எலினார் ரிக்பி'யில் கிடாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ, அவ்வளவுதான். கடைசிப் பாட்டு 'டுமாரோ நெவர் நோஸ்' பெரும்பாலும் ஒரே ஆதார சுருதியில் நிற்கிறது. அடியில் தம்புராவே ஒலிக்கும். உங்கள் காது அதை உடனே பிடித்துக்கொள்ளும்.

அம்பத்தூர்: இதையெல்லாம் கேட்க ரெக்கார்டு பிளேயர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். போனும் சுமாரான ஹெட்போனும் போதும். 'அபே ரோடு' போட்டால் ஆறாவது பாட்டு அறுந்ததும் நிறுத்துங்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, ஏழாவதைப் போடுங்கள்.