பாஹா என்றால் வேலை போய்விட்டதா?

தம்பி, குடல்வால் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய கையோடு கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி தந்த தாளில் ‘ஆல்த்தா’ என்று இருக்கிறது, சூப்பர்வைசரோ ‘நீ பாஹாவில் இருக்கிறாய்’ என்கிறார், ஸ்பானிஷ் அகராதியில் ஆல்த்தாவுக்கு உயரமான, பாஹாவுக்குத் தாழ்வான என்று போட்டிருக்கிறது. வேலை போய்விட்டதா, திங்கட்கிழமை போக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வேலை போகவில்லை. திங்கட்கிழமை போகவும் வேண்டாம். முதலில் நன்றாக ஓய்வெடுங்கள்.

அகராதியில் நீங்கள் பார்த்தது பெயரடை. ஸ்பெயினில் அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் புழங்குவது அதே எழுத்துகள் கொண்ட பெயர்ச்சொல். ஒரு பட்டியலில் பெயர் ஏறினால் ஆல்த்தா, அதிலிருந்து இறங்கினால் பாஹா. எந்தப் பட்டியல் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறும். வீட்டுக்குக் கரண்ட் இணைப்பு வாங்குவது ஆல்த்தா. ஜிம்மை விட்டு விலகுவது பாஹா. நகராட்சியின் குடியிருப்போர் பதிவான பத்ரோனில் பெயர் சேர்ப்பதும் ஆல்த்தாதான். நிரந்தர வசிப்புரிமை வராத நம்மைப் போன்றவர்கள் அதை 2 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்காவிட்டால் பாஹா ஆக்கிவிடுவார்கள், அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போர்ச் செய்தியில் வரும் ‘பாஹாஸ்’ களத்தில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும்.

நோய் என்று வரும்போதுதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஆஸ்பத்திரியில் சேரும்போது அல்ல, வெளியே வரும்போதுதான் ஆல்த்தா தருகிறார்கள். வேலை செய்யக்கூடியவர் கணக்கிலிருந்து இறங்கினால் பாஹா, திரும்ப ஏறினால் ஆல்த்தா என்று நினைத்துக்கொண்டால் பிடிபடும்.

ஆனால் உங்கள் கையில் இருக்கும் ஆல்த்தா வெறும் டிஸ்சார்ஜ். வேலைக்குப் போகலாம் என்ற அனுமதி அல்ல. அந்த ஆல்த்தாவை உங்கள் பேட்டை சென்ட்ரோ தெ சலூதில், அதாவது சுகாதார நிலையத்தில், இருக்கும் குடும்ப மருத்துவர்தான் தருவார். அவர் தந்த மறுநாள் வேலைக்குப் போய்விட வேண்டும். அதுவரை நீங்கள் பாஹாவில் இருக்கிறீர்கள், சூப்பர்வைசர் சொன்னதும் அதைத்தான். பாஹாத் தாளைக் கம்பெனிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. 2023 ஏப்ரலிலிருந்து அது கணினி வழியாகவே போய்விடுகிறது.

இந்த மருத்துவ பாஹா நடக்கும்போதே சமூகப் பாதுகாப்புக் கணக்கில், அதாவது செகுரிதாத் சோசியாலில், நீங்கள் ஆல்த்தாவில்தான் இருக்கிறீர்கள். உங்கள் பங்களிப்பும் ஏறிக்கொண்டே இருக்கும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டிலும் இருப்பது இங்கே சாதாரணம்.

பணமும் கேட்டீர்கள். சாதாரண நோய்க்குச் சட்டப்படி முதல் 3 நாளுக்கு ஒன்றும் இல்லை. 4-ஆம் நாளிலிருந்து 20-ஆம் நாள் வரை உங்கள் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் அடிப்படைத் தொகையில் 60 சதவீதம், 21-ஆம் நாளிலிருந்து 75. உங்கள் துறையில் தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் இதைவிட நல்லதாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்தப் பணம் வர, கடந்த 5 வருடத்தில் 180 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். நீங்கள் புதிதாக வந்தவர் என்பதால் இதை முதலில் பாருங்கள். நாள் போதாவிட்டாலும் மருத்துவர் பாஹா தருவார், பணம்தான் வராது.

நான் உண்மையில் பயப்படுவது வேறொரு பாஹாவுக்கு. யாராவது ஒரு தாளை நீட்டி, ‘பாஹாவுக்குத்தான், இங்கே கையெழுத்துப் போடு’ என்றால் அதில் ‘வொலுந்தாரியா’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். பாஹா வொலுந்தாரியா என்றால் நீங்களாகவே ராஜினாமா செய்கிறீர்கள். கையெழுத்து விழுந்தால் பாரோ என்னும் வேலையில்லாக் கால உதவித்தொகையை அந்த விலகலுக்குக் கேட்க முடியாது. மருத்துவ பாஹாவுக்குக் கம்பெனி நீட்டும் எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. மொழி தெரியாத பிள்ளைகளிடம் இப்படி வாங்கிக்கொள்கிற முதலாளிகள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். அவர்களாக நீக்கினால் அந்தத் தாளில் ‘தெஸ்பிதோ’ என்று இருக்கும். அதை எதிர்க்க 20 வேலை நாள்தான் அவகாசம். வாங்கும்போது ‘நோ கன்ஃபோர்மே’, அதாவது ஒப்புக்கொள்ளவில்லை, என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள், அன்றைக்கே ஒரு தொழிற்சங்கத்தையோ வக்கீலையோ பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் செகுரிதாத் சோசியாலின் இம்போர்ட்டாஸ் தளத்தில் ‘வீதா லபோரால்’ என்னும் வேலை வரலாற்று அறிக்கையை இறக்கிக்கொள்ளுங்கள். இந்தக் கம்பெனிக்கு நேரே பாஹா தேதி எதுவும் இல்லையென்றால் வேலை இருக்கிறது.

அப்புறம், இந்தச் சொற்களைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், வினையோடு சேர்த்துப் பழகுங்கள். ‘எஸ்தோய் தெ பாஹா’ என்றால் மருத்துவ விடுப்பில் இருக்கிறேன். ‘மெ கியேரோ தார் தெ பாஹா’ என்றால் விலகிக்கொள்ள விரும்புகிறேன். சூப்பர்வைசரிடம் முதலாவதைச் சொல்லுங்கள், இரண்டாவதை ஜிம்மோடு வைத்துக்கொள்ளுங்கள். தையல் பிரிக்கப் போகும்போது குடும்ப மருத்துவரிடமும் ஒரு நேரம் வாங்கி, ‘குவாந்தோ மெ தா எல் ஆல்த்தா?’, அதாவது எனக்கு எப்போது ஆல்த்தா தருவீர்கள், என்று கேளுங்கள். அவர் சொல்லும் தேதிதான் கணக்கு.